வேண்டா எழுதிய மதிப்பீடு

வேண்டாவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று செங்கல்பட்டுப் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று பெண்ணுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் இப்படி ஒரு பெயரை வைப்பார்கள். அடுத்தது பையனாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. திருக்கழுக்குன்றத்துக்கு அந்தாண்டை நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பெயர் பலித்தது, தம்பி பிறந்தான். வீட்டில் ஒரே ஒரு முட்டை அவிந்தால் அது அவன் தட்டுக்குப் போகும். சைக்கிள் வாங்கினால் அவனுக்கு. வேண்டா பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். அடுத்தவர் தட்டைப் பார்க்கிற பழக்கம் அப்போது கண்ணில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் பட்டம் வாங்கியும் அது போகவில்லை.

படிப்பில் கெட்டி. செங்கல்பட்டில் இயற்பியல் படித்து முடித்து, மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து, ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் பக்தவத்சலத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்டது நானோ ஒளியியல். ஊரில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்வாள்: ஒரு கண்ணாடித் துண்டில் தங்கத்தை மெல்லிசாகப் பூசி, அதில் கண்ணுக்கே தெரியாத துளைகளை வரிசை வரிசையாகப் போடுவோம். அதன் மேல் வெளிச்சம் விட்டால் குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் அமோனியா மாதிரி விஷக்காற்று கொஞ்சம் வந்தாலும் அந்த நிறம் ஒரு இம்மி நகரும். அந்த இம்மியை அளந்தால் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே வாயுக் கசிவைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவள் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து சுஷ்மிதா வந்தாள். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்த பெண், அப்பா விஞ்ஞானி. லேசரை எப்படி நேராக நிறுத்துவது, கண்ணாடித் துண்டை எதில் கழுவுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேண்டாதான். ஒரு சமயம் வெளிச்சத்தைக் கொண்டுபோகும் ஒளியிழையைப் பிடித்து நிறுத்தும் கருவி வெளிநாட்டிலிருந்து வராமல் இழுத்துக்கொண்டே போனது. கொடியில் துணி மாட்டுகிற மரக் கிளிப்பை அரத்தால் தேய்த்து, ஒரு பள்ளம் போட்டு, அதில் இழையை வைத்துக் கடிக்கவிட்டாள் வேண்டா. அசையாமல் நின்றது. “அக்கா, நீங்க ஜீனியஸ்!” என்று சுஷ்மிதா கை தட்டினாள்.

சுஷ்மிதாவிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் வேண்டாவுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. திமிர் பிடித்தவளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். வீட்டிலிருந்து டப்பாவில் வருவதில் பாதியை வேண்டாவுக்கு எடுத்து வைப்பாள். ஆனால் அவள் கட்டுரை எழுதினால் அவள் அப்பா உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவார். வேண்டாவின் அப்பா, “இன்னும் எத்தினி வருசம் படிச்சிகினே இருப்பே?” என்று கேட்பார். மாநாட்டில் சுஷ்மிதா பேச எழுந்தால் முன்வரிசை நிமிர்ந்து உட்காரும். வேண்டா பேசும்போது அதே முன்வரிசை செல்போனைப் பார்க்கும். அன்று சாயந்திரம் ரயிலில் மறைமலைநகர் தாண்டும்வரை அவளுக்கு மூச்சே சூடாக வரும்.

இருவரும் பட்டம் வாங்கினார்கள். சுஷ்மிதா நெதர்லாந்துக்குப் போய், திரும்பி வந்து, பெங்களூரில் நல்ல வேலையில் அமர்ந்தாள். அப்பா அம்மாவும் கல்பாக்கத்தைக் காலி செய்துகொண்டு அங்கேயே போய்விட்டார்கள். வேண்டாவுக்கும் வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்ததுதான். அந்தச் சமயம் வயிற்றில் அனு. போகவில்லை. கணவன் வெங்கடேசன் செங்கல்பட்டு ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவன். “போறதுன்னா போ, கொயந்தைய நான் பாத்துக்கறேன்” என்று சொன்னவன்தான். அதனால் அவன் மேல் பழிபோடவும் வழியில்லை. நாவலூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். வாரம் முழுக்க வகுப்பு. மிச்ச நேரத்துக்கு, பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கி, ஒழித்து, ஆய்வகம் என்று போர்டு மாட்டினாள்.

சுஷ்மிதாவைப் பற்றிய செய்தி மாதத்துக்கு ஒன்று வரும். விருது, புதுக் கருவி, புது மாணவர்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டா வாழ்த்து அனுப்புவாள். அனுப்பிய கையோடு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் சத்தத்திலேயே வெங்கடேசனுக்குத் தெரிந்துவிடும்.

“இன்னா, சுஷ்மிதாவுக்கு மறுபடியும் எதுனா குட்துட்டாங்களா?”

“நீ வாய மூடிகினு போ.”

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் தர்மராஜ் என்பவர் ஐஸ் பேக்டரி நடத்துகிறார். படகுக்காரர்களுக்கு ஐஸ் போகும் இடம். தண்ணீரை ஐஸாக உறையவைக்க அமோனியாதான் வேண்டும். குழாய் மூட்டு எங்காவது கசிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும், அதிகமானால் ஆளையே சாய்த்துவிடும். கசிவைக் கண்டுபிடிக்கும் தன் சென்சாரை அங்கே வைத்துப் பார்க்க அனுமதி கேட்டாள். “வெச்சிக்கம்மா, மோட்டார் மேல மட்டும் கைய வெக்காத” என்றார் தர்மராஜ். வைத்தாள். ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்த சென்சார் கடற்கரையில் ஒரு வாரம் தாங்கவில்லை. ஈரக்காற்றும் உப்பும் துளைகளில் படிந்து, அமோனியா இல்லாதபோதும் நிறம் நகர்ந்தது. இரண்டு வருஷம் போராடினாள். மேலே சிலிகோன் படலம் ஒன்றைப் போட்டால் உப்பு உள்ளே வரவில்லை. ஆனால் ஏற்கெனவே மெலிதாக இருந்த நிற நகர்வின் சிக்னல் படலத்துக்குள் அடங்கிப்போனது. அதோடு, அதைப் பற்றி எழுத நினைத்த கட்டுரையும் எழுதப்படாமலே நின்றது.

அந்த நிலையில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியாகும் முன், அதே துறையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். எழுதியவர் பெயர் மறைத்திருக்கும், கருத்துச் சொல்கிறவர் பெயரும் மறைத்திருக்கும். எழுதியவரைத் தெரியும் என்றால் மதிப்பிட மறுத்துவிட வேண்டும் என்பது விதி. வேண்டாவுக்கு வந்த கட்டுரை, தங்கத் துளைகளால் அமோனியாவைக் கண்டுபிடிப்பது பற்றியது. அவள் செய்துகொண்டிருந்த அதே வேலை. சிக்னல் அவளுடையதைவிடப் பல மடங்கு பெரிது. படித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் இருந்த கருவியின் புகைப்படத்தில் நின்றுவிட்டாள். ஒளியிழையை ஒரு மரக் கிளிப் கடித்துக்கொண்டிருந்தது. நடுவில் பள்ளம்.

வேண்டா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இவ்வளவு பெரிய இடத்தில், எந்தக் கருவி கேட்டாலும் வாங்கித் தருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கிளிப்பையும் எடுத்துக்கொண்டாளா சுஷ்மிதா! அது அன்பினால் வைத்திருந்த கிளிப்பாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

விதிப்படி அப்போதே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

குறை தேடினாள். ஒரு நாள் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. பிறகு கவனித்தாள்: எல்லா அளவும் காய்ந்த நைட்ரஜனில் எடுத்தவை. ஈரக்காற்றில் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. தானே விழுந்த குழி அது, ஆழம் நன்றாகத் தெரியும். எழுதினாள்: அமோனியாவைப் பயன்படுத்தும் ஆலைகள் பெரும்பாலும் கடலோரத்தில் இருக்கின்றன. உப்புக்காற்றில் ஒரு மாதம் இந்தக் கருவி நிலையாக நின்றதைக் காட்டாமல் இதை ஏற்க முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கை நிற்கவில்லை. “ஆய்வகத்துக்கு வெளியே இந்தக் கருவிக்கு வாழ்வு இல்லை” என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பிவிட்டு அன்று மாமல்லபுரம் பக்கம் போய் அனுவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். வெங்கடேசனுக்கு ஆச்சரியம்.

இரண்டு வாரத்தில் சுஷ்மிதா போன் செய்தாள்.

“அக்கா, ஒரு உதவி. ஒரு பேப்பர் அனுப்பியிருந்தேன். ஒரு ரிவியூவர் போட்டுக் கிழிச்சிருக்கார். கடற்கரையில ஒரு மாசம் வெச்சுக் காட்டணுமாம். பெங்களூர்ல நான் கடலுக்கு எங்க போவேன்? கேள்வி சரியான கேள்விதான், அதான் கோவமே வரல. நீங்க சதுரங்கப்பட்டினத்துல ஏதோ செய்யறதா பக்தவத்சலம் சார் சொன்னார்.”

வேண்டா மறுக்க ஒரு காரணம் தேடினாள், அகப்படவில்லை. “வா” என்றாள்.

சுஷ்மிதா தன் மாணவன் ரோஹித்தோடும் இரண்டு பெட்டிக் கருவிகளோடும் வந்து இறங்கினாள். மாமல்லபுரத்தில் அறை எடுத்தார்கள். காலையில் மூவருமாகத் தர்மராஜின் பேக்டரிக்குப் போவார்கள். அமோனியா குழாய்கள் ஓடும் அறையில், சுவரில் ஒரு பலகை அடித்து சென்சாரை மாட்டினார்கள். முதல் சில நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது.  பிறகு, வேண்டாவுக்குத் தெரிந்திருந்தபடியே, திரையில் அளவைக் காட்டும் கோடு மெல்ல ஏற ஆரம்பித்தது. எதுவும் கசியாமலே அலாரம் அடித்தது. தர்மராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“இன்னாம்மா இது, சொம்மா சொம்மா கூவிகினே கீது? ஆளுங்க பயந்துகினு வெளிய ஓட்றாங்க. ஐஸ் யாரு தள்றது?”

“சாரி சார், சரி பண்ணிடறேன்” என்றாள் சுஷ்மிதா. அலாரம் அடிக்கும் அளவை ஏற்றி வைத்தாள். மறுநாள் கோடு இன்னும் ஏறியது. இன்னும் ஏற்றினாள்.

அவள் யோசிக்காமல் இல்லை. அமோனியாவைப் பிடிக்கும் பூச்சு இல்லாத வெறும் துளைகளைப் பக்கத்திலேயே வைத்து, ஈரத்தால் வரும் நகர்வை மட்டும் தனியாக அளந்து கழித்தாள். கோடு பாதி இறங்கியது. வேண்டாவுக்கு நெஞ்சில் குத்தியது. இரண்டு வருஷத்தில் தனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆனால் மிச்சப் பாதி, உப்பு. அது அப்படிக் கழிபடாது. சுஷ்மிதாவின் சிக்னல் இருக்கிற பலத்துக்கு சிலிகோன் படலத்தை மேலே போட்டாலும் தாங்கும் என்று வேண்டா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். சொல்ல வாயெடுப்பாள், சொல்லமாட்டாள். “அக்கா, உங்களுது என்ன ஆச்சு?” என்று சுஷ்மிதா கேட்டபோதும், “எனக்கும் இதேதான்” என்று முடித்துக்கொண்டாள்.

சுஷ்மிதாவின் முகம் நாளுக்கு நாள் வாடியது. ஒரு மதியம் டச்சுக் கோட்டைப் பக்கம் நிழலில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டார்கள். அவள் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே மடித்து வைத்தாள். “அந்த ரிவியூவர் சொன்னது சரிதான்போல. வாழ்வு இல்லை.” வேண்டா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முதல் முறையாகத் தான் அவளைவிட உயரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அது இனிக்கவும் செய்தது.

அடுத்த வாரம் ஒரு காலை. ரோஹித் வெளியே வண்டியிலிருந்து எதையோ எடுக்கப் போயிருந்தான். சுஷ்மிதா குழாய் அறையில் சென்சாரைப் பார்த்து நின்று குறித்துக்கொண்டிருந்தாள். வேண்டா கதவுப் பக்கம். தலைக்கு மேலே ஒரு வால்வின் மூட்டு விட்டது. முதலில் புஸ் என்ற சத்தம், பிறகு மூக்கில் ஊசி ஏற்றியதுபோல் நெடி. அலாரம் அடிக்கவில்லை. அளவை அவ்வளவு ஏற்றி வைத்திருந்தார்கள். சுஷ்மிதா திரும்புவதற்குள் கண் மூடிக்கொண்டது. தப்பான பக்கம், சுவர்ப் பக்கம், கையை நீட்டிக்கொண்டு தடுமாறினாள்.

வேண்டா துப்பட்டாவை அங்கிருந்த ஐஸ் தண்ணீரில் முக்கி முகத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வாசலில் தர்மராஜின் ஆட்கள் இருவரையும் வாங்கிக் காற்றோட்டமாக உட்காரவைத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணைக் கழுவினார்கள். உள்ளே ஒருவர் மெயின் வால்வை மூடினார். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போது சுஷ்மிதா இருமிக்கொண்டே வேண்டாவின் கையைப் பிடித்திருந்தாள். விடவே இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, சாயந்திரம்வரை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர்.

வேண்டா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். செய்தி கேட்டு வெங்கடேசன் ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்தான்.

“ஒனக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

“பின்ன ஏன் அயுவுற?”

“அது அடிச்சிருக்கணும். அடிக்க வெக்க எனக்குத் தெரியும். ஒரு வாரமா தெரியும். சொல்லல.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறு யாராவது என்றால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். “போய்ச் சொல்லு” என்றான்.

மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் வேண்டா சிலிகோன் படலத்தை எடுத்து மேசையில் வைத்து, “இது உப்பை உள்ள விடாது” என்றாள். சுஷ்மிதா கண்கள் சிவந்திருந்தும் குனிந்து பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சிலிகோன் திரவத்தைச் சென்சார் மேல் சொட்டி, வேகமாகச் சுழற்றி, இன்னும் மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். பழைய ஆய்வக நாட்கள் மாதிரி ஒருவர் பேச ஆரம்பித்ததை மற்றவர் முடித்தார். வால்வை மாற்றிவிட்டுத் தர்மராஜ் மறுபடி இடம் கொடுத்தார். ஒரு மாதம் கோடு தரையில் படுத்தபடி இருந்தது. ஒரு கசிவுக்குத்தான் அலாரம் அடித்தது, அது நிஜக் கசிவு.

சுஷ்மிதா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். “அக்கா, திருத்தி எழுதிட்டேன். உங்க பேரைப் போட்டிருக்கேன். என் பேருக்கு அடுத்து.”

“வேணாம்.”

“ஏன்? பாதி வேலை உங்களுது.”

வேண்டாவின் பெயர் இதுவரை வந்திராத பெரிய பத்திரிகை அது. மதிப்பிட்டவரே கட்டுரை எழுதியவராக இருக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு பெயரைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை அவள் யோசிக்கவும் செய்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டு, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள்: கட்டுரையாளரை எனக்கு முதலிலேயே தெரியும், சொல்லாதது என் தவறு, இப்போது அந்த வேலையில் நானும் பங்கெடுத்திருக்கிறேன், என் மதிப்பீட்டை நீக்கிவிடுங்கள். பிறகு சுஷ்மிதாவை அழைத்தாள்.

“சுஷ்மி, அந்த ரிவியூவர் நான்தான்.”

 

“கேள்வி சரி” என்றாள் சுஷ்மிதா. “ஆனா வாழ்வு இல்லைன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்களே. அது அறிவியலா அக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

“பொறாமை.”

போன் வைக்கப்பட்டது.

ஆசிரியர் நாகரிகமாகப் பதில் எழுதினார். வேண்டாவின் மதிப்பீட்டை நீக்கி, வேறு ஒருவருக்குக் கட்டுரையை அனுப்பினார். இனி அந்தப் பத்திரிகை அவளிடம் கருத்துக் கேட்காது என்பதும் அதில் மென்மையாக இருந்தது. சுஷ்மிதாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பொங்கல் வாழ்த்துக்கும் பதில் இல்லை. வேண்டா கல்லூரிக்குப் போனாள், வந்தாள். தர்மராஜ் சொல்லி, கடற்கரையோரம் இன்னும் சில ஐஸ் பேக்டரிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். “அந்தக் கூவற டப்பா எங்களுக்கும் ஒண்ணு வெச்சிக் குட்துடு மேடம்” என்றார்கள். ஒவ்வொன்றாகச் செய்து மாட்டினாள்.

கோடையில் கட்டுரை வெளியானது. சுஷ்மிதா அனுப்பவில்லை, வேண்டாவே தேடி எடுத்தாள். பெயர் இருந்தது. சுஷ்மிதா, ரோஹித், வேண்டா. மூன்றாவது இடம். தன் பெயரைப் பார்த்த சந்தோஷம் ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சிலேயே ரோஹித்தின் பெயர் கண்ணை உறுத்தியது. முந்தாநாள் வந்த பையன், கசிவு அன்று வண்டிப் பக்கம் நின்றவன், அவனுக்கு அடுத்தா நான்? உடனே தன் மேலேயே வெட்கம் வந்தது. வெட்கத்தோடு அந்த உறுத்தலும் இருந்தது.

சில மாதம் கழித்து சுஷ்மிதாவிடமிருந்து வேலை விஷயமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் இதேபோல் வைத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் சேர்ந்து செய்ய முடியுமா என்று. ‘அன்புள்ள டாக்டர் வேண்டா’ என்று தொடங்கியிருந்தது. வேண்டா அதைப் படித்துவிட்டு, முடியும் என்று எழுதினாள். இப்போது இருவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மாதம் ஒரு முறை காணொலியில் பேசுகிறார்கள். பேச்சு சென்சாரைத் தாண்டிப் போவதில்லை.

போன வாரம் காலை, செங்கல்பட்டில் பேருந்துக்கு நிற்கும்போது செல்போனில் பார்த்தாள். அந்தக் கட்டுரைக்காக சுஷ்மிதாவுக்கு ஒரு பெரிய விருது. மேடையில் பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நின்றாள். வேண்டாவுக்குப் பழைய சூடு தொண்டைவரை வந்தது. முதல் பேருந்தை விட்டுவிட்டாள். வாழ்த்து எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். இந்த முறை, ‘எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இது உனக்குக் கிடைக்க வேண்டியது’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். அடுத்த பேருந்து கேளம்பாக்கம் தாண்டும்போது பதில் வந்தது. சிரிக்கிற முகம் ஒன்று, கூடவே எண்ணூருக்கு எந்தத் தேதியில் வரலாம் என்ற கேள்வி. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அன்று முதல் வகுப்பே அவளுடையது. பதில் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி வேகமாக நடந்தாள்.